பெடல் தரை தட்டிய நான்காவது சுற்று!

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

'என் மகனுக்கு இருபத்தாறு வயது. வேலைக்குச் சேர்ந்து சொந்தச் சம்பளத்தில் ஒரு பழைய கார் வாங்கினான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு செட்டிபாளையம் ட்ராக்குக்குப் போய்விடுகிறான். கேட்டால், ரேஸ் இல்லைம்மா, ட்ராக் டே என்கிறான். இப்போது பிரேக் முழுவதையும் மாற்ற வேண்டுமாம். எழுபதாயிரம் ஆகுமாம். பாதி நீ கொடு என்கிறான். கம்பெனி வைத்துக் கொடுத்த பிரேக் போதாதா? பணம் கொடுத்தால் இன்னும் வேகமாகப் போவானோ என்று ஒரு பயம். கொடுக்காவிட்டால் பிரேக் பிடிக்காமல் போய்விடுமோ என்று இன்னொரு பயம். நான் என்ன செய்யட்டும்?'

சகோதரி, உங்கள் இரண்டு பயமுமே நியாயமானவை. இரண்டாவது பயத்தை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன், ட்ராக் டே என்றால் என்னவென்று மற்ற வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பந்தயத் தடத்தில் கட்டணம் கட்டி, சொந்த காரை ஓட்டிப் பார்க்கும் நாள்தான் ட்ராக் டே. கோப்பை கிடையாது, முதலிடம் கிடையாது. எதிரே லாரி வராது, குறுக்கே நாய் ஓடாது. கொடியோடு மார்ஷல்கள் நிற்பார்கள், ஆம்புலன்ஸ் நிற்கும். நம் ஊரில் இதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, 3.717 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். இன்னொன்று உங்கள் ஊர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. கோவையிலேயே ரேஸ் கார்களை உருவாக்கிய கரிவர்தன் நினைவாக அந்தப் பெயர். நீளம் சுமார் 2.1 கிலோமீட்டர். வேகத்தில் ஆசை இருக்கிற பையன் அவினாசி ரோட்டில் அதைக் காட்டாமல் அங்கே போகிறான் என்றால், அது நல்ல புத்திதான்.

கம்பெனி பிரேக் போதாதா?

சாலைக்குப் போதும், தாராளமாகப் போதும். ட்ராக்கில் ஏன் போதாமல் போகிறது என்பதை அடுப்படிக் கணக்கிலேயே சொல்லலாம்.

பிரேக் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். ஓடுகிற வண்டியின் வேகத்தை எடுத்துச் சூடாக மாற்றிக் காற்றில் விடுவது. ஆளோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு சின்ன கார், நேர்ப்பாதையின் முடிவில் 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்காக 60-க்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மிதியில் பிறக்கும் சூட்டை வைத்து இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துவிடலாம். வீட்டு கேஸ் அடுப்பில் அதற்குப் பத்து நிமிடம் பிடிக்கும். இங்கே மூன்று நான்கு விநாடியில் முடிந்துவிடுகிறது. பிரேக் போடும்போது வண்டி முன்பக்கமாகக் குனிவதால், அந்தச் சூட்டில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குகள் தலையிலேயே விழுகிறது.

வேகம் கூடினால் சூடு அதே அளவில் கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடும். 100-ல் போகிற வண்டியை நிறுத்துவதைப்போல 140-ல் போகிற வண்டியை நிறுத்துவதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடு.

சாலையில் இப்படி ஒரு மிதி மிதித்தால், அடுத்த மிதிக்குள் டிஸ்க் ஆறிவிடும். ட்ராக்கில் ஒரு சுற்றுக்குள்ளேயே நாலைந்து மிதி, பதினைந்து இருபது நிமிடம் விடாமல். உலையில் வைத்த பாத்திரத்தை இறக்கவே இல்லை என்றால் என்ன ஆகும்? அதுதான் எனக்கு ஆனது.

அந்த நான்காவது சுற்று

பல வருடங்களுக்கு முன் இருங்காட்டுக்கோட்டையில். என்னிடம் இருந்தது ஒரு சாதாரண ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ட்ராக்குக்குப் போகிறோம் என்று புது டயர் போட்டேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், சத்தம் கம்பீரமாக வரட்டும் என்று சைலன்சரையும் மாற்றினேன். வண்டியை ஓட வைக்கும் எல்லாவற்றுக்கும் செலவு செய்தேன். நிறுத்தும் சமாசாரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மனைவியும் எட்டு வயதுப் பையனும் கூட வந்திருந்தார்கள், பிட் பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் இரண்டு சுற்று அருமையாகப் போனது. மூன்றாவது சுற்றில் பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உள்ளே போனது. கவனித்தேன். ஆனால், கட்டின பணத்துக்கு இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருக்கிறதே என்று ஓட்டினேன். நான்காவது சுற்றில் நேர்ப்பாதை முடியும் இடத்தில் காலை வைத்தேன். பெடல் பஞ்சு மாதிரி இறங்கிப் போய்த் தரையில் தட்டியது. வண்டி குறையவே இல்லை.

பதறிக் காலை எடுத்து எடுத்து நாலைந்து தரம் குத்தினேன். கொஞ்சம் பிடித்தது. கியரை மூன்றுக்கும் இரண்டுக்கும் தள்ளினேன், இன்ஜின் அலறியது. வளைவில் திருப்ப முயன்றால் உருண்டுவிடும் என்று தோன்றியதால் நேராகவே விட்டேன். தடத்தைத் தாண்டி மண்ணில் இறங்கி, புழுதி கிளப்பிக்கொண்டு நின்றது. எதிரே அடுக்கி வைத்திருந்த டயர்ச் சுவருக்கும் எனக்கும் நடுவே ஒரு ஆட்டோ நிற்கிற இடம் இருந்திருக்கும்.

இதில் மோசமான பகுதி இனிமேல்தான். அரை மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி உறுதியாக இருந்தது, ஒன்றுமே நடக்காததுபோல. சரியாகிவிட்டது என்று நினைத்து, அதே வண்டியில் மனைவியையும் பையனையும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் ஹைவேயில் வீட்டுக்கு வந்தேன். மண்ணில் இறங்கியதை அவளிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது. அடுத்த வாரம் இந்தப் பத்தி வராவிட்டால் காரணம் உங்களுக்குப் புரியும்.

சட்டியில் அதே லெவல்

மறுநாள் எங்கள் மெக்கானிக் பாயிடம் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

''பிரேக் ஆயில் எப்ப சார் மாத்தினது?''

''ஆயில் குறையவே இல்லையே பாய். லெவல் கரெக்டாத்தானே இருக்கு?''

''லெவல் இருந்தா போதுமா? நாலு நாள் முந்தி வெச்ச சாம்பாரும் சட்டியில அதே லெவல்லதான் சார் இருக்கும்.''

சக்கரத்துப் பக்கம் இருக்கும் நிப்பிளைத் திறந்து, ஒரு பாட்டிலில் பழைய ஆயிலை வடித்துக் காட்டினார். கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. புது ஆயில் தேன் கலந்த தண்ணீர்போல இளம் மஞ்சளாக இருக்கும்.

நாம் பெடலை மிதிக்கும் விசையைச் சக்கரம்வரை கொண்டுபோவது இந்த ஆயில்தான். திரவத்தை எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்காது. அதனால்தான் இது வேலை செய்கிறது. ஆனால், வழக்கமான பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூடி இறுக்கமாக இருந்தாலும், ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே போகும். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஈரம் ஏற ஏற ஆயில் கொதிக்கும் சூடு இறங்கிக்கொண்டே வரும்.

கடையில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று பாட்டில் மேல் எழுதியிருக்கும். டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது. ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. டாட் 3-க்கு இதுவே 205, 140. டாட் 5.1-க்கு 260, 180. பந்தயத்துக்கென்றே வரும் ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரியையும் தாண்டும்.

என் வண்டியில் காலிப்பருக்குள் இருந்த பழைய ஆயில் அன்றைக்குக் கொதித்துவிட்டது. கொதித்தால் ஆவிக் குமிழி. ஆவி, திரவம்போல இல்லை, அழுத்தினால் சுருங்கும். நான் மிதித்த மிதியெல்லாம் குமிழியைச் சுருக்கவே செலவாகிவிட்டது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிட்டது, பெடலும் உறுதியாகிவிட்டது. கோளாறு சரியாகவில்லை, ஒளிந்துகொண்டது. அடுத்த சூட்டுக்கு மறுபடி வந்திருக்கும்.

ஆக, என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பொருளின் விலை சில நூறு ரூபாய்!

எதை முதலில், எதைக் கடைசியில்?

பாய் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையையே உங்கள் மகனுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஆயில். நல்ல டாட் 4 அல்லது டாட் 5.1 போட்டு, நாலு சக்கரத்திலும் ஏர் இல்லாமல் பிளீட் செய்ய வேண்டும். ட்ராக்குக்குப் போகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும்; அடிக்கடி போகிறவர்கள் அதற்கும் முன்பே. திறந்து பல மாதம் ஷெட்டில் கிடந்த பாட்டிலை ஊற்றக் கூடாது, அதுவும் ஈரம் குடித்திருக்கும். 'டாட் 5' என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கான் வகை. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று 5.1-க்குப் பதிலாக அதை ஊற்றிவிடக் கூடாது. பெயின்ட் மேல் சிந்தினால் உடனே கழுவவும், பெயின்ட்டையே தின்றுவிடும்.

இரண்டாவது பிரேக் பேட். இதிலும் சூட்டால் ஒரு கோளாறு வரும். அதன் அடையாளம் வேறு. ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாகும். பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் உறுதியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. சாலைக்கான பேட்டை மேலும் மேலும் சுட்டால் பிடிமானம் விட்டுப் போகும். ட்ராக் பேட்டுகள் அதைவிட அதிகச் சூட்டைத் தாங்கிப் பிடிக்கும்.

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் முக்கியம், சகோதரி. முழுக்க ரேஸுக்கான பேட்டுகளில் பல, ஆறிக் கிடக்கும்போது சரியாகப் பிடிக்காது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முதல் சிக்னலில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தால், அந்த முதல் மிதிதான் வேண்டும். அதனால், சாலைக்கும் ட்ராக்குக்கும் பொதுவான நடுத்தர பேட்டைப் போடச் சொல்லுங்கள். ரேஸ் பேட்தான் வேண்டும் என்றால், ட்ராக்குக்குப் போய் மாட்டி, திரும்பும்போது கழற்றிவிட்டு வரட்டும். புது பேட் போட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி ஆறவிட்டுப் பழக்க வேண்டும். பேட் கம்பெனியின் காகிதத்தில் அந்த முறை இருக்கும். மாட்டின கையோடு முழு வேகத்தில் போகக் கூடாது.

மூன்றாவது ஹோஸும் காற்றும். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் லேசாக உப்பும். எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் போட்டால் பெடல் உறுதியாக இருக்கும். முன் பம்பரிலிருந்து டிஸ்க்குக்கு ஒரு குழாய் வழியாகக் காற்றைக் கொண்டுபோனால் அதுவும் கைகொடுக்கும். டிஸ்க் தேய்ந்திருந்தால் அதே அளவில் தரமான புது டிஸ்க் போதும். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும். ஆனால், திரும்பத் திரும்பச் சூடாகி ஆறும்போது அந்த ஓட்டைகளின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

கடைசியில்தான் உங்கள் மகன் கேட்கிற பெரிய டிஸ்க், சிவப்பு காலிப்பர். பெரிய டிஸ்க் அதிகச் சூட்டைத் தாங்கும், உண்மைதான். ஆனால், ஒரே மிதியில் வண்டி நிற்கும் தூரத்தை அது பெரிதாகக் குறைக்காது. பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது தரையைப் பிடித்திருக்கும் டயர். இப்போதுள்ள பிரேக்கிலேயே அழுத்தி மிதித்தால் ஏ.பி.எஸ். படபடக்கிறது என்றால், டயர் தாங்குவதற்கு மேல் பிரேக் ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம்.

தவிர, கம்பெனிக்காரர்கள் முன்னுக்கும் பின்னுக்கும் அளந்து வைத்த ஒரு சமநிலை இருக்கிறது. அளவு தெரியாமல் அதைக் கலைத்தால் வேறு தொல்லை வரும். முன்னால் மட்டும் பெரிதாக்கினால் பின்பிரேக் சும்மா இருக்கும், பெடலும் நீளமாகலாம். பின்னால் பிடிப்பு கூடி, பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். ஆயில், பேட், ஹோஸ், காற்று எல்லாம் செய்த பிறகும் டிஸ்க் சூடு தாங்கவில்லை என்றால், அப்போது அந்தச் செலவைப் பற்றி யோசிக்கலாம்.

காசு இல்லாமல் கிடைக்கிற பிரேக்

விலையில்லாத சமாசாரங்களும் உண்டு. பிரேக்கில் கால் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தால் சூடுதான் ஏறும். நேராக இருக்கும்போதே உறுதியாக மிதித்து, வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி, டிஸ்க்கை ஆறவைத்துத்தான் உள்ளே வர வேண்டும். வந்து நின்றதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சக்கர நட்டு இறுக்கமா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பெடல் ஒரு விரல்கடை கூடுதலாக உள்ளே போனால் அந்தச் சுற்றோடு நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது சுற்றில் பெடல் என்னிடம் சொன்னது. நான்தான் காதில் வாங்கவில்லை.

இன்னொன்றையும் மகனிடம் கேளுங்கள். நம் சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது என்று எழுதியிருக்கும். ட்ராக்கில் அடிபட்டால் செலவு கைக்காசுதான். அது அவனுக்குத் தெரியுமா?

ட்ராக் பக்கமே போகாதவர்களுக்கு...

'எங்களுக்கு எதற்கு இதெல்லாம்?' என்று இதுவரை பொறுமையாகப் படித்தவர்களுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கார், ஐந்து பேர், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து 1,400 கிலோ. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்குகிறீர்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் மூன்று குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கை எதிர்க்காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொள்ளும், மீதி முழுவதும் பிரேக்குக்கு. நியூட்ரலில் இறக்கினால் இன்ஜின் பங்கும் பிரேக் தலையில்தான். ட்ராக்கில் வேகத்தால் வரும் சூடு, மலையில் நீளத்தால் வருகிறது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

அன்றைக்கு நான் ட்ராக்குக்குப் போனதற்கு இரண்டு வாரம் முன்புதான், அதே காரில், அதே கடுங்காப்பி ஆயிலோடு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்திருந்தேன். டயர்ச் சுவரைவிட அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆகவே சகோதரி, எழுபதாயிரத்தில் பாதி வேண்டாம். ஆயிலுக்கும் பேட்டுக்கும் ஆகிற பணத்தை நீங்களே முழுதாகக் கொடுங்கள். அம்மா கொடுத்தது என்ற எண்ணம் கால் பெடலில் இருக்கும்போது இருக்கட்டும். ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்: வடித்த பழைய ஆயிலை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து உங்களிடம் காட்ட வேண்டும்.

மற்றவர்கள், உங்கள் வீட்டு காரின் சர்வீஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால், இந்த விடுமுறைக்கு மலையேறும் முன் மாற்றிவிடுங்கள்.

அடுத்த வாரம், வீட்டில் அனுமதி கிடைத்தால், ஹெல்மெட் பற்றிப் பேசுவோம்.